செருப்பு நழுவியதை அம்மா சொன்னபோது

“செருப்பு காலைவிட்டு நழுவினாலும் தெரியமாட்டேன் என்கிறது, பாப்பா. இன்று பக்கத்து வீட்டுப் பையன்தான், ‘பாட்டி, உங்கள் செருப்பு அங்கேயே கிடக்கிறது’ என்று எடுத்து வந்து கொடுத்தான்.”

2023 அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவு, அம்மா பட்டர்வொர்த்திலிருந்து தொலைபேசியில் இதைச் சொன்னார். நான் மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில், என் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். “ம்ம்” என்றேன். “பார்த்து நடங்கள் அம்மா” என்றேன். பிறகு அவர் பாசாரில் மீன் விலை, தம்பி மகளின் பள்ளிக்கூடம் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எல்லாவற்றுக்கும் “ம்ம்” என்றேன்.

உடம்பு சமையலறையில் இருந்தது. நான் தீபாவளியை ஒட்டி நடக்கவிருந்த ஒரு பட்டிமன்ற மேடையில் இருந்தேன். முடிப்புரையைச் சொல்லிவிட்டு ஒலிவாங்கியிலிருந்து ஓர் எட்டு பின்வாங்குகிறேன். அரங்கம் ஒரு கணம் மூச்சடங்கிப் பிறகு கைதட்டலில் அதிர்கிறது. முன்பொரு முறை என்னை மட்டம் தட்டிய ஒருவர் முன்வரிசையில் எழுந்து நிற்கிறார். நடுவர் என் பெயரைச் சொல்லித் தன் தீர்ப்பைத் தொடங்குகிறார். அந்த வாரத்தில் மட்டும் இந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அம்மாவுக்கு அப்போது வயது 71. நெடுங்காலமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உண்டு. செருப்பு நழுவுவது தெரியாமல் போவது, பாதத்தின் நரம்புகள் மரத்துப்போனதைச் சொல்லும் அடையாளம். எந்தத் தாதியின் காதில் அந்த வாக்கியம் விழுந்திருந்தாலும் உடனே காலைக் காட்டச் சொல்லியிருப்பார். அது என் காதில்தான் விழுந்தது. புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை உச்சி வெயிலில் அம்மா வெறுங்காலோடு கோயிலைச் சுற்றி வந்தார். சுட்ட கல்தரையில் பாதம் பொசுங்கிக் கொப்புளம் கிளம்பியது. வலிக்கவே இல்லை. தீபாவளி வாரத்தில் தம்பி மனைவி வீட்டைத் துடைக்கும்போது தரையில் ஈரத்தடம் பார்த்துக் காலைப் பிடித்துத் திருப்பியபோதுதான் புண் தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் வலது காலின் இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள்.

அறுவைக்கு மறுநாள் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கட்டிலருகே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட மகள் நான்! தாயைப் பற்றி மேடையில் பேசிப் பொன்னாடை வாங்கியவள், பெற்ற தாய் சொன்னதைக் காதில் வாங்கவில்லையே! உறவுக்காரர்கள் என்ன பேசுவார்கள்? இனி எந்த முகத்தோடு அந்த மேடையில் ஏறுவேன்? இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்க் கட்டிலில் இருந்த சீன மூதாட்டி கையை அசைத்து என்னைக் கூப்பிட்டு, அம்மாவைக் காட்டினார். அம்மா இரண்டு முறை தண்ணீர் கேட்டிருக்கிறார். மூன்றடி தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மேடைக் கனவில் நாயகி நான். மருத்துவமனை அழுகையிலும் நாயகி நானே. வேடம் மாறியிருந்தது, அம்மா இரண்டு நாடகத்திலும் ஓரமாகத்தான் இருந்தார். குற்ற உணர்வு நல்ல பண்பு என்று நம்பி வளர்ந்தவள் நான். அன்று அதுவும் ஒரு கண்ணாடியாகி, என் முகத்தையே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

மனம் அலைபாய்கிறது, வயது கூடக் கூட கவனம் சிதறுகிறது என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அலையும் மனம் நாலு இடத்துக்குப் போக வேண்டும் அல்லவா? என் மனம் செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுவதற்கு நடுவே நட்ட செக்கு நான்.

இதை உறுதி செய்துகொள்ள ஒரு வழி தேடினேன். 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைப்பேசிக்கு எதிர்பாராத நேரங்களில் கேள்வி அனுப்பினார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள்? அதையே நினைக்கிறீர்களா, வேறு ஏதாவதா? மகிழ்ச்சி எந்த அளவில் இருக்கிறது? கேட்ட நேரங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. அப்படி விலகியிருந்தபோது மக்கள் குறைவான மகிழ்ச்சியோடுதான் இருந்தார்கள். இனிமையான எண்ணங்களுக்கு விலகிப் போனவர்கள்கூட, கைவேலையில் மனம் பதிந்திருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இல்லை. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தனை ஆண்டுகளாக நான் மனத்துக்குள் வாங்கிய கைதட்டல்கள், பாத்திரம் துலக்குவதைவிட அதிகமாக எதையும் எனக்குத் தரவில்லையா?

அதே முறையை எனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன். கைப்பேசியில் ஒரு நாளைக்கு ஏழு முறை, ஒழுங்கில்லாத நேரங்களில், அதிர்வு மட்டும் வரும்படி அலாரம் வைத்தேன். நான் பாடம் நடத்தும் வகுப்பறையிலும் ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, அம்மாவோடு பேசும் நேரத்தில் கட்டாயம் ஒன்று. அது அதிரும்போது சின்ன நோட்டில் இரண்டே வரிகள் எழுத வேண்டும். மனம் எங்கே இருந்தது? அங்கே யார் நடுவில் நின்றார்கள்? இரண்டாவது வரிதான் உயிர். முதல் வரியோடு நிறுத்தியிருந்தால், ‘கவனச் சிதறல்’ என்று எழுதிப் பெருமூச்சு விட்டிருப்பேன்.

இரண்டு வாரத்தில் 98 பதிவுகள். பாதிக்கு மேல் மனம் வேறெங்கோ இருந்தது. அதில் வியப்பில்லை. அந்த வேறெங்கோ என்பதில் மிகப் பெரும்பாலானவற்றின் இரண்டாவது வரியில் ‘நான்’ என்றே எழுதியிருந்தேன். பத்துமலைக்குப் போவது பற்றிய யோசனையில்கூட, அங்கே எடுக்கப்போகும் படத்தில் நான் எப்படித் தெரிவேன் என்பதுதான் இருந்தது. அந்த வரியை எழுதும்போது கை கூசியது. இருந்தாலும் எழுதினேன்.

பதிவுகளைத் திரும்பப் படித்தபோது இரண்டு வகை தெரிந்தது. ஒன்று மாலைக் கனவு. பாராட்டு, பொன்னாடை, முன்வரிசை. இதை அடையாளம் காண்பது எளிது. மற்றொன்றுக்கு நான் வைத்த பெயர் வழக்கு மன்றம். யாரோ என்னைப் புண்படுத்தியிருப்பார்கள். மனத்துக்குள் அவரைக் கூண்டில் ஏற்றி, வழக்கறிஞராகவும் சாட்சியாகவும் நீதிபதியாகவும் நானே நின்று மணிக்கணக்கில் வாதாடுவேன். இது கர்வம் போலத் தெரியாது, வலி போலத் தெரியும். அதனால்தான் இத்தனை காலம் பிடிபடவில்லை. உளவியலாளர்களும் நார்சிசத்தை இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். தன்னைப் பெரிதாகக் காட்டும் வகை ஒன்று. எளிதில் காயப்பட்டு உள்ளே சுருங்கும் வகை மற்றொன்று. இரண்டாவது வகையினர் வெளியே அடக்கமாகவே தெரிவார்கள். என்னையும் ஊரில் அடக்கமானவள் என்றுதான் சொல்வார்கள்.

நார்சிசம் என்ற சொல்லை, தமிழில் தன்மோகம் என்று சொல்லலாம், நான் கவனமாகவே பயன்படுத்துகிறேன். நார்சிச ஆளுமைக் கோளாறு என்பது மருத்துவ முடிவு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980இல் இடம்பெற்றது. ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து நிலையாக இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். எல்லையற்ற வெற்றி, அதிகாரம், அறிவு, அழகு பற்றிய கற்பனைகளில் மூழ்கிக் கிடப்பது அந்த ஒன்பதில் ஒன்று. அந்த ஒன்று என்னிடம் இருந்தது, அதனால் எனக்கு நோய் என்று ஆகிவிடாது. மாமியாருக்கும் மருமகளுக்கும் மேலதிகாரிக்கும் இந்தப் பெயரை இப்போது எளிதாக ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் ஒருவர் உங்களை நசுக்கிக்கொண்டிருக்கிறார் என்றால் அது வேறு விஷயம், அதற்கு ஆலோசகரின் துணை வேண்டும். நான் எழுதுவது நம்முடைய சொந்த மணிநேரங்களைப் பற்றி.

அந்தப் பெயர் பிறந்த கிரேக்கக் கதையில் நம் எல்லோருக்கும் நினைவிருப்பவன் குளத்தில் தன் நிழலைக் கண்டு மயங்கிய நார்சிஸஸ். அதே கதையில் எக்கோ என்று ஒரு வனமங்கை இருக்கிறாள். பிறர் பேச்சின் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்ல மட்டுமே முடியும் என்பது அவளுக்குக் கிடைத்த சாபம். அவனை விரும்பினாள், அவன் ஏற்கவில்லை. உடல் தேய்ந்து தேய்ந்து வெறும் குரலாக மட்டும் மிஞ்சினாள். தொலைபேசியில் அம்மா எனக்கு எத்தனை ஆண்டுகள் வெறும் குரலாக இருந்தார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கதையை இப்போது அவள் பக்கத்திலிருந்துதான் படிக்க முடிகிறது.

மனம் தன்னைச் சுற்றுவதில் உடலின் இயல்பும் இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய குழுவினரும், நாம் குறிப்பிட்ட வேலை எதுவும் செய்யாதபோது மூளையின் சில பகுதிகள் மும்முரமாக இயங்குவதை விளக்கினார்கள். வேலையில் இறங்கினால் அவற்றின் இயக்கம் தணிகிறது. நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு பகுதியும் அதில் சேரும், நாம் நம்மைப் பற்றி நினைக்கும்போது அது ஈடுபடுகிறது. சும்மா இருக்கும் மூளை தன்னிடமே திரும்புவது எல்லோருக்கும் பொது. இதைத் தெரிந்துகொண்டது என் கூச்சத்தைக் குறைத்தது.

இனி, என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

முதலில் தியானத்தில் இறங்கினேன். காலையில் அரை மணி நேரம் மூச்சைக் கவனித்தேன். பலருக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. எனக்கு மூன்றாம் வாரத்திலேயே அங்கேயும் மேடை எழும்பிவிட்டது. ‘தியானம் என்னை எப்படி மாற்றியது’ என்று யாருக்கோ உரையாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டுகொண்டேன். என்னைப் போன்றவர்களுக்கு, உள்ளே பார்க்கும் பயிற்சிக்கு முன் வெளியே பார்க்கும் பயிற்சி தேவை என்று நினைக்கிறேன்.

அது அம்மாவின் காலிலிருந்தே வந்தது. பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் தாதி சொல்லிக் கொடுத்தார். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் வளையும் வரை அழுத்தி, உணர்வு இருக்கிறதா என்று சோதித்தார். அந்த இழை பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். பல இடங்களில் தொட்டும் அம்மா பேசாமல் இருந்தார். அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வாரநாள்களில் தம்பி மனைவி பார்க்கிறாள். சனி, ஞாயிறு நான். விரலிடுக்குகள், நகத்தின் ஓரம், உள்ளங்கால், குதிகால். சிவப்பு இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கிறதா, தோல் எங்காவது வெளுத்து ஊறியிருக்கிறதா? கழுவும் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். இடுக்கை ஒற்றித் துடைக்க வேண்டும், அங்கே மட்டும் களிம்பு கூடாது. செருப்புக்குள் கைவிட்டு, கல் ஏதும் கிடக்கிறதா என்று தடவ வேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் மனம் மேடைக்குப் போனால் ஒரு கீறல் கண்ணில் படாமல் போகும், அது இன்னொரு விரலைக் கேட்கும். வேறு எந்தப் பயிற்சியும் என் கவனத்தை இப்படிக் கட்டிப்போட்டதில்லை. வீட்டில் கவனித்துக்கொள்ள ஒருவர் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தவறவிட்டால் இன்னொருவருக்கு வலிக்கக்கூடிய ஒரு வேலையைக் கையில் எடுங்கள், அதை மெதுவாகச் செய்யுங்கள்.

காலைப் பார்க்கும்போதுதான் அம்மா பேசவும் தொடங்கினார். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்த, காலத்துப் பேச்சு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிரைக்குப் போவார்களாம். பட்டையை மெலிதாகச் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். “எத்தனை மங்கு நிரம்பும் என்று எண்ணிக்கொண்டே வெட்டினால் காயம் விழுந்துவிடும், பாப்பா” என்றார். மங்கு என்பது பால் வடியும் கிண்ணம். இந்தக் கதையை இதற்கு முன்பும் பலமுறை சொல்லியிருக்கிறார். மங்கு, நிரை, பெரட்டு என்ற சொற்களை வைத்து ‘தோட்டத்து வாழ்க்கை’ என்று மேடையில் உருக்கமாகப் பேசியும் இருக்கிறேன். எந்தக் கையில் கத்தி பிடிப்பார் என்று நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. அம்மா இடதுகைப் பழக்கம் உள்ளவராம். அதனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இது தெரிகிறது.

தொலைபேசிக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். அம்மா சொன்னதில் ஒரு வாக்கியத்தையாவது அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லி, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் என் செய்தியைச் சொல்ல வேண்டும். எக்கோவின் சாபத்தை நானே வாங்கிக்கொண்டேன் என்றும் சொல்லலாம். தொடக்கத்தில் செயற்கையாக இருந்தது. “என்ன பாப்பா, போலீஸ் மாதிரி விசாரிக்கிறாய்?” என்று அம்மாவே கேட்டார். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ‘ம்ம்’ என்று மட்டும் சொல்வதில்லை என்று முடிவெடுத்ததே பாதி வேலையைச் செய்துவிட்டது.

வழக்கு மன்றத்துக்கு வேறு வழி வேண்டியிருந்தது. ஓர் ஏற்பாட்டாளர் என்னை அணித் தலைவியாக்காமல் மூன்றாவது பேச்சாளராகப் போட்டிருந்தார். இரண்டு மாதம் அவரோடு மனத்துக்குள் வாதாடினேன். பிறகு ஒரு விதி செய்தேன். உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி இருந்தால் ஒரு வாரத்துக்குள் நேரில் கேட்பது, இல்லையென்றால் வழக்கைத் தள்ளுபடி செய்வது. அவரிடம் கேட்டேன். அந்த வரிசையை யார் போட்டார்கள் என்பதே அவருக்கு நினைவில்லை. வேண்டுமென்றால் அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம் என்று இயல்பாகச் சொன்னார். இரண்டு மாதம் என் தலைக்குள் குடியிருந்த மனிதருக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மேடையை விடவில்லை. அது எனக்குப் பிடித்த வேலை. எனக்கு முன் பேசுபவரின் கருத்துகளை எழுதிக்கொண்டு, அவற்றில் ஒன்றுக்காவது நேராகப் பதில் சொல்லித்தான் என் பேச்சைத் தொடங்குகிறேன். இதற்காகத் தயாரித்து வந்த நல்ல வரிகள் சிலவற்றை விட வேண்டியிருக்கிறது. கைதட்டல் கூடியதா குறைந்ததா என்று எண்ணுவதையும் நிறுத்தப் பார்க்கிறேன்.

கனவையும் முழுக்கத் துரத்தவில்லை. பகற்கனவை ஆராய்ந்த ஜெரோம் சிங்கர் அதில் ஆக்கம் தரும் வகையும் உண்டு என்று காட்டியவர். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதைகள் எல்லாம் அப்படி வந்தவைதாம். 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் ஓடத் தொடங்கிய பிறகு பட்டர்வொர்த்திலிருந்து படகில்தான் திரும்புகிறேன். கடலில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மனம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிடுகிறேன். சில மாலைகளில் அது பழைய மேடைக்கே போகிறது. கரையில் படகு முட்டும்போது எழுந்துவிடுகிறேன். திட்டிக்கொள்வதில்லை, திட்டத் தொடங்கினால் மறுபடியும் நானே நடுவில் வந்துவிடுவேன்.

இப்போதும் தவறுகிறேன். போன மாதம் ஒரு மாணவி தன் தாத்தா இறந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு நான் சொல்லப்போகும் ஆறுதல் எவ்வளவு அழகாக அமையும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாதியில் பிடித்துவிட்டேன். “மன்னித்துக்கொள், தாத்தா உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று சொன்னாய்?” என்று திரும்பக் கேட்டேன். அவள் சொன்னாள்.

போன சனிக்கிழமை அம்மா, “குதிகாலில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது” என்றார். “எறும்பு ஊர்வது போலவா? எந்தக் காலில், எப்போதிலிருந்து?” என்று கேட்டேன். இடது கால், வியாழக்கிழமை இரவிலிருந்து. விளக்கை அருகில் இழுத்து வைத்துக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய வெடிப்பு ஒன்று, போன வாரம் இல்லாதது. நோட்டில் தேதியோடு எழுதினேன். திங்கட்கிழமை கிளினிக்கில் காட்ட வேண்டும். அம்மாவின் பேச்சு அதற்குள் பாசாருக்குப் போய்விட்டது. கெம்போங் மீன் என்ன விலை விற்கிறது என்று கேட்டேன். போன வாரத்தைவிட இரண்டு வெள்ளி கூடுதல் என்றார். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொண்டே, விரலிடுக்கைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.